தீர்த்தக் கிணற்றடியில் மூச்சு முட்டியவர்கள்

ராமேஸ்வரத்தில் கிணற்றுத் தண்ணீரை இறைத்து யாத்திரிகர்கள் தலையில் ஊற்றுவது என் தொழில். வாளி கவிழ்ந்ததும் கலெக்டராக இருந்தாலும் கண்டக்டராக இருந்தாலும் ஒருமுறை "ஹா" என்று வாயைப் பிளந்துதான் ஆகவேண்டும்.

அந்த "ஹா"வுக்குப் பிறகு சிரிப்பு வரவேண்டும். பெரும்பாலானவர்களுக்கு வந்துவிடும். கடலில் முங்கிய ஈரத்துணியோடு கோயிலுக்குள் வந்து, இருபத்திரண்டு தீர்த்தத்திலும் தண்ணீரை வாங்கிக்கொண்டு, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தபடியே போவார்கள். ஆனால் கூட்டத்தில் யாராவது ஒருவருக்கு அந்தச் சிரிப்பு வராது. பிளந்த வாய் பிளந்தபடியே இருக்கும். மூச்சை இழுத்துக்கொண்டே இருப்பார், விடமாட்டார். விரல்கள் மடங்கும். கண் பக்கத்தில் நிற்கிற ஆளைப் பார்க்காது, வெளியே போகிற வழியைத் தேடும்.

அவரை எனக்கு உடனே அடையாளம் தெரிந்துவிடும். எனக்கும் அது வரும். டாக்டர்கள் பேனிக் அட்டாக் என்கிறார்கள். நாம் பதற்றத் தாக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். இதைப் படிக்கிற உங்களில் சிலருக்கும் வந்திருக்கும். பஸ்ஸில், கல்யாணப் பந்தியில், பேங்கு வரிசையில். கை ஒடிந்தால் கட்டுப்போட்டு ஊரெல்லாம் காட்டுகிறோம். இதைமட்டும் துண்டைப் போட்டு மூடிக்கொள்கிறோம். நானும் மூடினவன்தான்.

சுவர்மேல் வந்தது

எங்கள் வேலையில் ஆள் கிணற்றுச் சுவரின் மேல் ஏறி நிற்கவேண்டும். காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, கயிற்றில் கட்டிய சின்ன வாளியை உள்ளே விட்டு, மொண்டதும் ஒரே இழுப்பில் மேலே கொண்டுவந்து, அதே வேகத்தில் கீழே நிற்கிறவர் தலையில் கவிழ்க்கவேண்டும். சுவர் எப்போதும் ஈரம். பயப்படுகிற ஆளை யாரும் மேலே ஏற்றமாட்டார்கள். அவன் கீழே நின்று யாத்திரிகர்களின் பையையும் துண்டையும் பிடித்துக்கொண்டு வழிகாட்டவேண்டியதுதான். மேலே நிற்கிறவனுக்கு ஒரு கெத்து உண்டு.

ஒரு தை அமாவாசை அன்று, நல்ல கூட்டத்தில், எனக்கு அது சுவர்மேல் வைத்து வந்தது. காரணம் ஒன்றுமில்லை. காலையில் இட்லி தின்றிருந்தேன், கூட வேலை செய்கிறவர்களோடு கேலி பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சு தடதடவென்று அடித்தது. கை மரத்துப்போய், கயிறு கையில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. கூட்டத்தின் சத்தம் எங்கேயோ தள்ளிக் கேட்டது. செத்துப்போகப் போகிறேன், அதுவும் இத்தனை பேர் பார்க்க, என்று நினைத்தேன். சாவதைவிட, பார்ப்பார்களே என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. வாளியை விட்டுவிட்டு இறங்கி ஒரு தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அதுவாகவே வடிந்தது. சட்டை போட்டிருந்தால் பிழிந்திருக்கலாம், அப்படி ஒரு வியர்வை.

ராமநாதபுரத்துக்குப் போய் இசிஜி எடுத்தேன். முதல் தடவை நெஞ்சு இப்படி அடித்தால் அது இன்னதென்று நாமே முடிவு செய்யக்கூடாது, டாக்டர் பார்த்துத்தான் ஆகவேண்டும். அந்த ஒன்றை ஒழுங்காகச் செய்தேன். டாக்டரம்மா சின்ன வயசு. "இதயம் நல்லா இருக்கு. இல்லாத ஆபத்துக்கு உடம்பு மணி அடிக்குது, அவ்வளவுதான். அலை மாதிரி ஏறும், உச்சிக்குப் போகும், தானா இறங்கும். இழுக்கிற மூச்சைவிட விடுற மூச்சை நீளமா விடுங்க. பாதத்துக்குக் கீழ தரை இருக்கறதைக் கவனிங்க. திரும்பத் திரும்ப வந்தா இங்க வாங்க, இதுக்கு வைத்தியம் இருக்கு" என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஊருக்கு வந்து வாயுத் தொல்லை, கேஸ் என்று சொன்னேன். எங்கள் செட்டில் மூத்தவர் காளிமுத்து அண்ணன். யார் எந்தக் கிணற்றில் நிற்பது என்று சொல்கிறவர் அவர்தான். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் சொன்னது:

"ஏலே பாண்டி, கேஸுன்னா பெருங்காயத்தைப் போட்டு மோரைக் குடி. சுவர்ல நின்னுக்கிட்டு மூஞ்சிய அப்படி வைக்காத. கெணத்துக்குள்ள என்னமோ கெடக்குன்னு வந்த சனம் ஓடிரும்."

சாமி வந்த அம்மா

திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பஸ் நிறைய வந்த ஒரே குடும்பத்துச் சொந்தக்காரர்கள். அவர்களோடு கிணறு கிணறாகப் போய்க்கொண்டிருந்தேன். மூன்றாவதோ நான்காவதோ கிணற்றில், ஐம்பது வயதுள்ள ஒரு அம்மாவின் தலையில் வாளியைக் கவிழ்த்தேன். அவர் வாயைப் பிளந்தார். கை இரண்டும் நடுங்கின. உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. அடுத்த நொடி கூட்டமே கையெடுத்துக் கும்பிட்டது. ஒருத்தர் காலில் விழுந்தார். ஒரு அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா, எம்பட பையனுக்கு இந்த வருசமாவது கல்யாணம் ஆகுமுங்களா?" என்று கேட்டார். இன்னொருவர் என்னைப் பார்த்து, "இன்னும் ஊத்துங்க தம்பி, ஆத்தா குளிரட்டும்" என்றார்.

சாமி வந்தவர்களை இந்த வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கண் நம்மைத் தாண்டி எதையோ பார்க்கும். இந்த அம்மாவின் கண் வாசல் எங்கே என்று தேடியது. எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்ததைச் சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்களே. அதனால், "சாமி மலையேறப் போகுது, எல்லாரும் தள்ளி நின்னு கும்பிடுங்க" என்று சத்தம் போட்டுவிட்டு இறங்கினேன். இடம் கிடைத்தது. அம்மாவைத் தூணில் சாய்த்து உட்காரவைத்து, குனிந்து, "மெதுவா மூச்சை வெளிய விடுங்கம்மா. கொஞ்ச நேரத்துல போயிரும். நான் இங்கனதான் இருக்கேன்" என்று மெதுவாகச் சொன்னேன். ஊதினார். மறுபடி ஊதினார். விரல்கள் பிரிந்தன. தலைப்பை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்துக்குக் கேட்காத குரலில் அவர் சொன்னது:

"எனக்குச் சாமி வரலைங்க தம்பி, இது அடிக்கடி வர்ற கருமம். ஆனா நீங்க சொன்னதே இருக்கட்டும், அதுக்குக் கும்பிடறாங்க, இதைச் சொன்னா பைத்தியம்பாங்க."

ஊர்கூடி வைத்தியம்

ஒருவர் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டால் அங்கிருக்கிற எல்லாருக்கும் வைத்தியம் தெரிந்துவிடும். கோயம்புத்தூர்ப் பெரியவர் ஒருவர் பிராகாரத்தில் அப்படி உட்கார்ந்தார். வலிப்பு என்று நினைத்து ஒரு அம்மா இடுப்புச் சாவியை எடுத்து அவர் கையில் திணித்தார். ஒருவர் வாயில் திருநீறு போட்டார். ஒருவர் முதுகில் குத்தினார். "காத்து வரட்டும், தள்ளி நில்லுங்க" என்று கத்தியவர்தான் எல்லாரையும்விடப் பக்கத்தில் நின்று கத்தினார். ஒருவர் செல்போனில் யாரிடமோ கேட்டுக் கேட்டு, "வெங்காயம் இருக்கா, வெங்காயம் இருக்கா" என்று கோயிலுக்குள் தேடிக்கொண்டிருந்தார்.

நானும் அந்த வட்டத்துக்குள் நின்றேன். என்ன செய்யவேண்டும் என்று தெரிந்தும், முன்னால் போகக் கூச்சப்பட்டு வாளியோடு நின்றேன். பெரியவரே என் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்துக் குனியவைத்துச் சொன்னார்:

"தம்பி, எனக்கு வந்தது அப்பவே போயிருச்சு. இவங்களை மொதல்ல போகச் சொல்லுங்க, இப்பத்தான் நெசமா மூச்சு முட்டுது."

போலீஸ்காரரின் பிடி

வடக்கே இருந்து பஸ்ஸில் வந்த கூட்டத்தில் ஒரு குடும்பம். கணவர் ஆறடி உயரம், முறுக்கிய மீசை. மனைவி சென்னையில் படித்தவராம், நன்றாகவே தமிழ் பேசினார். குறுகலான வழியில் முன்னாலும் பின்னாலும் கூட்டம் நெருக்கியபோது கணவர் சுவரில் கையை ஊன்றி நின்றுவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. என் பாஷை அவருக்குத் தெரியாது, அவர் பாஷை எனக்குத் தெரியாது. நான் அவர் எதிரில் நின்று, என் உள்ளங்கையை மேலே தூக்கி மூச்சை இழுத்தேன். கையை மெதுவாகக் கீழே இறக்கி, நீளமாக விட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கை இறங்கும்போதெல்லாம் அவர் மூச்சும் இறங்கியது. கல் தரையைக் காட்டினேன். குனிந்து பார்த்து, பாதத்தை அழுத்தி ஊன்றினார்.

அந்த மனைவி முதலில் "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்று அவர் தோளை உலுக்கினார். நாம் எல்லாரும் செய்கிறதுதான். ஆனால் வந்திருக்கிறவருக்கு அது ஒன்றுமில்லாதது அல்ல. 'எனக்கு உயிர் போகுது, இவர்களுக்கு ஒன்றுமில்லையாம்' என்றுதான் உள்ளே ஓடும். உலுக்க வேண்டாம் என்று சைகை காட்டினேன். புரிந்துகொண்டு கையைப் பிடித்துக்கொண்டார். அது வடிந்து முடிந்தபோது என் மணிக்கட்டில் அவருடைய நான்கு விரல்களும் சிவப்பாகப் பதிந்திருந்தன. அவர் என் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே முன்னால் போனார். பின்தங்கி நின்ற மனைவி சொன்னது:

"நீங்க செஞ்சது பெரிய உதவி. ஆனா இவர் பயந்தார்னு பஸ்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, இவர் போலீஸ்ல இருக்கார்."

வயிற்றுவலி

பெரியவர்களுக்கு நெஞ்சில் வருவது பிள்ளைகளுக்கு வயிற்றில் வரும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாளானது. 'படபடன்னு அடிக்குது', 'செத்துருவேன்னு தோணுது' என்றெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாது. வயிறு வலிக்குது, வாந்தி வருது, வீட்டுக்குப் போகணும் என்பார்கள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அம்மாவின் சேலையை விடமாட்டார்கள். மதுரையிலிருந்து வந்த எட்டு வயதுப் பெண் ஒன்று, "இன்னும் எத்தன கெணறு? இன்னும் எத்தன கெணறு?" என்று கேட்டுக்கொண்டே வந்தது. அதன் முறை வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. உதடு வெளுத்து, மூச்சு நாய்க்குட்டிக்கு இரைப்பதுபோல் இரைத்தது.

நான் சுவரைவிட்டு இறங்கி, ஈரத் தரையில் அதன் உயரத்துக்கு உட்கார்ந்தேன். "உன் தலையில ஊத்தமாட்டேன், நீ சொன்னாத்தான் ஊத்துவேன்" என்றேன். வாளியைத் தரையில் வைத்துக் காட்டினேன். "சூடான சோத்தை எப்படி ஊதுவே?" என்று கேட்டேன். ஊதிக்காட்டியது. இன்னும் சூடாக இருக்கிறது என்றேன், இன்னும் ஊதியது. கொஞ்ச நேரம் கழித்து அதுவே வாளியில் கைவிட்டு ஒரு கை தண்ணீரை எடுத்து உச்சியில் தடவிக்கொண்டது. அவ்வளவு போதும் என்றேன். வேண்டுதல் வைத்திருந்த அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. சட்டையைப் பிழிந்துகொண்டே என்னிடம் அவர் சொன்னது:

"நடிக்கிறா அண்ணே. பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பும்போதும் இதே வயித்துவலிதான். வேன் போயிருச்சுன்னா வலியும் போயிரும், என்ன மாயமோ."

கயல்

என் வீட்டிலும் அதே வயிற்றுவலி நடந்துகொண்டிருந்தது. என் மகள் கயல் ஏழாம் வகுப்பு. நன்றாகப் படிக்கிற பிள்ளை, வாய்விட்டு வாசிக்கிற பிள்ளை. காலை பிரேயரில் செய்தி வாசிக்க அவளை நிறுத்தினார்கள். இரண்டு வரி வாசித்தவள் நின்றுவிட்டாள். மைக்கை யாரும் அணைக்கவில்லை. அவள் மூச்சு இரைப்பது பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டிருக்கிறது. பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். பிறகு மைதானத்தில் அவள் போகும்போதெல்லாம் இரண்டு பேர் மைக்கில் மூச்சு விடுவதுபோல் விட்டுக்காட்டினார்களாம். அதிலிருந்து காலையானால் வயிறு வலிக்கும். சீருடையைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் அவள் கையைப் பிடித்துத் தூக்கப்போனேன். விரல்கள் ஐஸாக, மடங்கி இருந்தன.

எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. 'இது இன்னதும்மா, எனக்கும் வரும், போயிரும்' என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்த வரி எனக்கு வாயில் வரவில்லை. என் மூக்கு அவளுக்கு வந்ததுபோல இதுவும் என்னிடமிருந்துதான் போயிருக்கிறதோ என்று நினைக்கும்போதே உடம்பு கூசியது. சொன்னால் மனைவி செல்விக்குத் தெரியும், செல்விக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரிந்தால் காளிமுத்து அண்ணன் என்னைச் சுவரிலிருந்து இறக்கிவிடுவார். செல்வி முதலில் திட்டினாள், பிறகு பயந்தாள். மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு வந்தாள். கயிறு கட்டியும் வலி போகவில்லை என்றதும் என்னிடம் வந்து நின்றாள்:

"ஊருச் சனத்துக்கெல்லாம் அள்ளி அள்ளி ஊத்துறீக. பெத்த பிள்ளைக்குப் பயந்த கோளாறுன்னு தெரிஞ்சும் கல்லு மாதிரி இருக்கீக. ஞாயித்துக்கெழமை கூட்டிட்டு வாரேன், தீர்த்தம் பட்டாத் தெளிஞ்சிரும்."

காளிமுத்து அண்ணன் இறைத்த தண்ணீர்

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சொந்தப் பிள்ளைக்கு நாமே ஊற்றமாட்டோம். செட்டில் மூத்தவர் ஊற்றவேண்டும். பயந்த கோளாறு என்று கூட்டிவரும் பிள்ளைக்கு விட்டுவிட்டு ஊற்றக்கூடாது, மூச்சுவிட நேரம் கொடுக்காமல் அடுத்தடுத்து ஊற்றினால்தான் பயம் உதறிக்கொண்டு போகும் என்பதும் எங்கள் பழக்கம். எத்தனையோ பிள்ளைகளுக்கு நானே அப்படி ஊற்றியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காளிமுத்து அண்ணன் புது வேட்டி கட்டி வந்திருந்தார். "நம்ம பாண்டி மக, நாலு வாளி கூடவே ஊத்துவோம்" என்று சுவரில் ஏறினார். செல்வி கயலின் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஆட்கள் அன்பாகச் சுற்றி நின்றார்கள். நான் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதல் வாளி விழுந்தது. "ஹா" என்றாள். இரண்டாவது விழுந்தபோது அந்த வாய் மூடவில்லை. மூன்றாவதில் அவள் கண் வெளியே போகும் வழியைத் தேடியது. அந்தப் பார்வையை நான் எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறேன். "போதும்ணே" என்றேன். அவர் காதில் விழவில்லை. "அழட்டும்லே, தெளியுது, தெளியுது" என்று அடுத்த வாளியை இழுத்தார். நான் துண்டைப் போட்டுவிட்டு இடையில் போய் நின்றேன். வாளி என் தலையில் கவிழ்ந்தது. அடுத்ததும் கவிழ்ந்தது, அவர் கை நிற்க அவ்வளவு நேரமானது. "ஊத்தாதீகண்ணே. இது கோளாறு இல்ல. எனக்கும் இருக்கு. அன்னைக்குச் சுவர்ல வந்தது கேஸ் இல்ல, இதுதான்" என்றேன். காளிமுத்து அண்ணன் வாளியைச் சுவர்மேல் வைத்தார். செல்வி என்னைப் பார்த்தாள். நான் யாரையும் பார்க்கவில்லை.

அந்த ஈரத் தரையில் கயலை மடியோரம் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். "ஏறும், ஆனா எறங்கிரும். என்னோட சேர்ந்து ஊது" என்றேன். தரை எப்படி இருக்கிறது என்று கேட்டேன், சில்லென்று இருக்கிறது என்றாள். என்ன வாசனை வருகிறது என்று கேட்டேன், யோசித்து, கற்பூரம் என்றாள். அவளுக்கு வடியத் தொடங்கியபோது எனக்கு ஏறியது. கை நடுங்கியது, மறைக்க இடமில்லை. இருவரும் சேர்ந்தே ஊதினோம். அவள் என் நடுங்குகிற கையைத் தன் கையால் மூடிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னது:

"இத்தன நாளும் நான் ஒருத்திதான் இப்படின்னு நெனச்சேம்ப்பா. நீங்க வீட்லயேதான இருந்தீங்க, ஒருவார்த்தை சொல்லக்கூடாதா?"

கீழே நிற்கிறவன்

நடந்ததற்கு ஊர் உருகிவிடவில்லை. டீக்கடையில் ஒருத்தன், "பாண்டி மாமாவுக்கு டீயை ஆத்திக் குடுங்கப்பா, சூட்டைப் பாத்தாலும் பயந்துருவாரு" என்றான். சிரித்தார்கள். நானும் சிரிப்பதுபோல் வாயை வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் செல்வி ராமநாதபுரத்துக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். அப்பாவும் மகளுமாக அந்த டாக்டரம்மாவிடம் போய் உட்கார்ந்தோம். இப்போதும் போகிறோம். வருவது நின்றுவிடவில்லை, ஆனால் வந்தால் என்ன செய்வது என்று தெரிகிறது.

காளிமுத்து அண்ணன் இரண்டு வாரம் என்னைத் தவிர்த்தார். பிறகு ஒரு காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் வந்து நின்றார். கோபமில்லை, பாசாங்கும் இல்லை. நான் பயந்துகொண்டிருந்ததைத்தான் அவர் சொன்னார், ஆனால் சொன்னவிதம் நான் நினைத்தபடி இல்லை:

"கொஞ்ச நாளைக்கு நீ கீழ நில்லுடா. நீ ஆளு சரியில்லன்னு இல்ல, உள்ள விழுந்துட்டா ஒம் பொண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன். அப்புறம் அந்தப் பிள்ளைக்கு மூணு வாளி ஊத்துனேன்ல, அது எனக்குத் தூக்கத்துல வருது."

பிரேயர்

கயலை எடுத்த எடுப்பில் பிரேயரில் கொண்டுபோய் நிறுத்தவேண்டாம், அதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டு ஒதுங்கவும் வேண்டாம் என்றார் டாக்டரம்மா. ஒதுங்க ஒதுங்க அது பெரிசாகுமாம். வகுப்பு டீச்சரிடம் நானே போய்ச் சொன்னேன். சொல்லும்போது என் கண் அவர் மேசைமேல் இருந்த சாக்பீஸ் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் நல்ல மாதிரி. முதலில் தோழி ஒருத்தியிடம் மட்டும் வாசித்துக்காட்டவைத்தார். பிறகு வகுப்பில் உட்கார்ந்தபடி. பிறகு நின்றபடி. மூச்சு முட்டினால் நிறுத்திவிட்டு ஊதலாம், யாரும் சிரிக்கக்கூடாது என்று வகுப்பில் சொல்லிவைத்தார். காலை வயிற்றுவலி குறைந்தது, ஒரேயடியாகப் போகவில்லை. சில நாள் வாசற்படியில் நானும் அவளோடு உட்கார்ந்து ஊதிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

போன வாரம் பிரேயரில் மறுபடி செய்தி வாசிக்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அன்று பகல் முழுக்க எந்தக் கூட்டத்தை எந்தக் கிணற்றுக்குக் கூட்டிப்போனேன் என்று எனக்கே நினைவில்லை. சாயங்காலம் பையை வீசிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்தாள். என்னாச்சு என்று கேட்டேன். நடுவில் ஒருமுறை வந்ததாம். மைக்கைவிட்டு முகத்தைத் திருப்பி ஊதிவிட்டு, மீதியையும் வாசித்து முடித்தாளாம். முன்வரிசையில் ஒருத்தி சிரித்தாளாம். நீ என்ன செய்தாய் என்று கேட்டதற்கு அவள் சொன்னது:

"மைக்லயே சொல்லிட்டேம்ப்பா. இதுக்குப் பேரு பேனிக் அட்டாக், எங்கப்பாவுக்கும் இருக்கு, ஒவ்வொரு தடவையும் செத்துருவேன்னு நெனப்பாரு, இன்னும் ஒருதடவகூட சாகலன்னு."

எழுநூறு பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டதால் இந்தத் தீவில் என் நடுக்கத்தை அறியாத வீடு இப்போது இல்லை. தெருவில் நடக்கையில் இன்னும் கூசத்தான் செய்கிறது, ஆனாலும் கூச்சத்தோடு மூச்சுவிட முடிகிறது, மறைத்துக்கொண்டிருந்தபோதுதான் முடியவில்லை.